புதுக்கடைத் தீர்ப்பும் காந்தி சிலையடி வழக்கும்

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து திருகோணமலைக்கு மருமகனாக வந்தவன் நான். மொழி ஒன்றுதானே, சீக்கிரம் ஒட்டிக்கொள்வாய் என்றார்கள். ஒட்டிக்கொண்டேன், காகிதங்களைத் தவிர. விசாவுக்கும் வங்கிக்கும் கிராம சேவகர் கடிதம், சமாதான நீதவான் கையொப்பம் என்று அலைச்சல்தான். கூட வருவது மாமா. நீதிமன்றத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால், போகிற வழியெல்லாம் வழக்குக் கதைதான்.

அவருக்குப் பிடித்தது சம்பந்தன் ஐயா வழக்கு. 2018 நவம்பர் 9 அன்று ஜனாதிபதி சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தார். அப்போதிருந்த அரசியலமைப்பின் 19ஆம் திருத்தப்படி நாலரை வருஷம் முடியுமுன் கலைக்க வேண்டுமானால், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் தீர்மானம் போட்டுக் கேட்டிருக்க வேண்டும். திருகோணமலை எம்.பி. சம்பந்தனும் வேறு பலரும் கொழும்பு புதுக்கடையிலுள்ள உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். நான்கே நாளில் இடைக்காலத் தடை வந்தது. டிசம்பர் 13இல் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக, கலைத்தது செல்லாது என்றார்கள். 1976லும் 1991லும் திமுக ஆட்சி கலைக்கப்பட்ட ஊரிலிருந்து வந்தவனுக்கு இதைக் கேட்டால் பொறாமையாகத்தானே இருக்கும்?

"சரி மாமா, அப்போ காந்தி சிலையடி வழக்கு?" என்றேன் ஒருநாள்.

2006 ஜனவரி 2 அன்று, திருகோணமலையில் அந்தச் சிலைக்குப் பக்கத்துக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்தது என்று படைத்தரப்பில் முதலில் சொன்னார்கள். செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் தெரிந்ததோ துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள். அதே மாதம் 24ஆம் தேதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கு இழுத்து இழுத்து, 2019 ஜூலையில் ஆதாரம் போதாதென்று, குற்றஞ்சாட்டப்பட்ட 13 பொலிஸ்காரர்களையும் திருகோணமலை நீதவான் விடுவித்தார்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தக் கலைப்பு வழக்கில எல்லாமே வர்த்தமானியில, அதான் அரசாங்க கெசட்டில, அச்சாகிக் கிடந்தது தம்பி, ஒருத்தரும் வந்து கண்டதைச் சொல்லத் தேவையில்லை. இங்க சாட்சி கூண்டுல ஏறோணும். ஏறிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போகவும் வேணுமே?" என்றார்.

சட்டத்தின் ஆட்சி என்று கல்லூரியில் படித்தபோது நீதிபதியை மட்டுமே நினைத்திருந்தேன். சாட்சியின் வீட்டுக் கதவை யாராவது தட்டுவார்களே என்ற பயத்தை எந்தப் பேராசிரியரும் சொல்லித்தரவில்லை.

சாட்சிகளைப் பாதுகாக்க 2015இல் தனிச் சட்டமே வந்தது; 2023இல் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. காவல் நிற்கப்போவதும் பொலிஸ்தானே என்கிறார் மாமா. இன்னும் வாதம் முடியவில்லை.