பாம்புப் புத்தகம் வாங்கும்போது முதலுதவிப் பக்கத்தைப் பாருங்கள்

பள்ளி நூலகத்துக்குக் கதைப் புத்தகம் வாங்குவதில் பெரிய ஆபத்து இல்லை. பிடிக்காவிட்டால் பிள்ளைகளே மூடி வைத்துவிடுவார்கள். தகவல் நூலை அப்படி விட முடியாது. தப்பாக அச்சானதையும் நம்பிவிடுவார்கள். அதனால் அட்டையை விட்டுவிட்டு, நமக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் உள்ள ஒரு பக்கத்தைத் தேடிப் படிப்பதுதான் முதல் வேலை.

பாம்புகள் பற்றிய நூலில் அது முதலுதவிப் பக்கம். கடிவாயைக் கீறி உறிஞ்சச் சொன்னாலோ, கயிற்றால் இறுக்கிக் கட்டச் சொன்னாலோ மேற்கொண்டு புரட்ட வேண்டாம். கடிபட்ட கையோ காலோ அசையாமல் வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்ல வேண்டும். அடுத்தது படங்கள். இந்தியாவில் விஷமுறிவு மருந்து தயாராவது நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டுதான். இந்த நான்கும் தனித்தனிப் படமாக, நீளமும் குறித்து இருக்கிறதா? சில நூல்களில் அமெரிக்க ராட்டில் ஸ்நேக் படத்தைப் போட்டு ‘விரியன்’ என்று எழுதியிருப்பார்கள். அதுவும் விரியன் குடும்பம்தான், உறவுமுறை சரிதான், வரப்பில் நடக்கிற பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

விண்வெளி நூல்களில் ஆண்டைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. ‘ஆறாம் பதிப்பு’ என்று இருந்தாலும் அது பழைய பக்கங்களின் மறு அச்சாக இருக்கலாம். ‘திருத்திய பதிப்பு’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். புளூட்டோ கோள் பட்டியலை விட்டுப் போனது 2006இல். சனியின் நிலாக்களோ 2025இல் ஒரே அறிவிப்பில் 128 கூடி 274 ஆயின. எண்ணோடு ஆண்டையும் தராத நூலை நம்ப முடியாது.

வாழ்க்கை வரலாறுகள்தான் அதிகம் ஏமாற்றுகின்றன. ராமானுஜனை ‘கணித மேதை’ என்று பக்கத்துக்குப் பக்கம் புகழ்ந்துவிட்டு, ஒரு கணக்கைக்கூடக் காட்டாத நூல்கள் உண்டு. ராமானுஜன் சுட்டிக்காட்டிய 1729 என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அது 1, 12 ஆகியவற்றின் கனங்களின் கூட்டல். 9, 10 ஆகியவற்றின் கனங்களின் கூட்டலும் அதுவே. ஏழாம் வகுப்புப் பிள்ளை தாளில் போட்டே பார்த்துவிடும். கும்பகோணம் கல்லூரியில் மற்ற பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்ததையும் மறைக்காமல் எழுதியிருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

தெரியாத சொற்களை எண்ணி நூலின் தரத்தை முடிவு செய்யும் பழக்கம் கதைக்குச் சரி. தகவல் நூலில் புதுச்சொல் வரத்தான் செய்யும். அதே பக்கத்தில் படமோ விளக்கமோ இருந்தால் நான்காம் வகுப்பே சமாளிக்கும். ஆறாம் வகுப்புக்கு மேல் பின்பக்கத்தில் சொல்லடைவு கட்டாயம் வேண்டும்.

கடைசியாகக் கட்டு. பசை மட்டும் போட்ட தடித்த நூல் பிள்ளைகள் கையில் சீக்கிரமே தாள் தாளாகக் கழன்றுவிடும். நூல் தையல் போட்டதா என்று நடுப்பக்கத்தை நன்றாக விரித்துப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.