ஏலி பார்த்தது அன்னாளின் வாயை

ஆராதனையில் ஆசீர்வாத ஜெபத்திற்கு முன்பே எழுந்து போய்விடும் ஒரு சகோதரியைப் பற்றி, "கர்த்தருக்கென்று இன்னும் ஐந்து நிமிடம் உட்கார மனமில்லாதவர்" என்று நான் ஒருமுறை இன்னொருவரிடம் சொன்னேன். அவர் ஏன் அப்படிப் போகிறார் என்பது எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. இத்தகைய கதைகளில் வழக்கமாக வருவதுபோல, நெஞ்சை உருக்கும் காரணம் ஒன்று பிற்பாடு தெரியவந்து நான் தலைகுனிந்தேன் என்று எழுதுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. என்னைத் தலைகுனிய வைத்தது வேதாகமத்திலுள்ள 1 சாமுவேலின் முதல் அதிகாரம்.

சீலோவில் ஆலய வாசலண்டை ஆசனத்தில் உட்கார்ந்திருந்த ஆசாரியனாகிய ஏலி, ஒரு பிள்ளைக்காக மனங்கசந்து வேண்டிக்கொண்டிருந்த அன்னாளின் வாயைக் கவனித்துக்கொண்டிருந்தார் என்று அங்கே எழுதியிருக்கிறது. அவளோ இருதயத்திலே பேசிக்கொண்டிருந்தாள். உதடுகள் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. உடனே அவர் அவளை வெறித்திருக்கிறவள் என்று எண்ணி, குடியை விட்டுவிடச் சொல்லிக் கடிந்துகொண்டார். ஏலியின் ஊகம் முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்லிவிட முடியாது. அவளுடைய குடும்பத்தார் பலியிட்டுப் புசித்துக் குடித்த பின்புதான் அவள் எழுந்து வந்தாள். கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துப் பார்த்தால் அது யாருக்கும் தோன்றக்கூடிய முடிவுதான். எனக்கு அச்சம் தருவதும் அதுவே. பொய்யான தீர்ப்பு எப்போதும் பொறாமையிலிருந்து பிறப்பதில்லை. கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்தும், அதுவும் பரிசுத்த ஸ்தலத்தின் ஒழுங்கைக் காக்கும் பொறுப்புள்ள ஒருவரிடமிருந்தும் அது பிறந்துவிடுகிறது.

அந்த ஒரே அதிகாரத்தில் அன்னாள் மூன்று பேருடைய வார்த்தைகளைச் சுமக்கிறாள். பிள்ளையில்லாதவள் என்று, கணவனின் மற்றொரு மனைவியாகிய பெனின்னாள் வருஷந்தோறும் அவளை விசனப்படுத்தினாள். கணவனாகிய எல்க்கானாவோ, பத்துக் குமாரரைவிட நான் உனக்கு மேலல்லவா என்று கேட்டான். அன்போடு கேட்டதுதான், ஆனால் துக்கத்தில் இருப்பவளிடம் தன்னைப் பற்றியே பேசும் ஆறுதல் என்ன ஆறுதல் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மூன்றாவதாக, ஜெபிக்க வந்த இடத்திலும் ஆசாரியனின் கடிந்துகொள்ளுதல்.

அவள் கொடுத்த மறுமொழியில் ஒரு சொல்லை நான் பல ஆண்டுகள் கவனியாமலே வாசித்திருக்கிறேன். தன்னைப் "பேலியாளின் மகளாக", அதாவது துன்மார்க்கமானவளாக, எண்ணவேண்டாம் என்று அவள் ஏலியிடம் மன்றாடுகிறாள். அடுத்த அதிகாரத்தில் அதே பெயர் மறுபடியும் வருகிறது: ஏலியின் குமாரர் பேலியாளின் மக்களாயிருந்தார்கள். காணிக்கையை அவமதித்த ஓப்னியையும் பினெகாசையும் சொந்த வீட்டில் வைத்துக்கொண்டு, அவர்களை அடக்காமல் விட்ட தகப்பன், முன்பின் அறியாத ஒரு பெண்ணை ஒரு நொடியில் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார். தன் கண்ணிலுள்ள உத்திரத்தை உணராமல் சகோதரன் கண்ணிலுள்ள துரும்பைப் பார்ப்பதைப் பற்றி இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான காட்சி எனக்குத் தெரியாது.

ஆனாலும் ஏலிக்கு ஒரு நல்ல காரியம் நேர்ந்தது. அவர் நேருக்கு நேர் சொன்னதால் அன்னாளால் பதில் சொல்ல முடிந்தது. பதிலைக் கேட்டதும் அவரும் தம் கருத்தைப் பிடித்துக்கொண்டிராமல், "சமாதானத்துடனே போ" என்றார். குழந்தை இன்னும் கருவில்கூட இல்லை, அவளுடைய நிலைமையில் எதுவும் மாறவில்லை. எனினும் அவள் போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் முகத்தில் துக்கம் இல்லை. காயப்படுத்திய அதே வாயிலிருந்துதான் அந்த வார்த்தையும் வந்தது.

நான் பேசியதோ அந்தச் சகோதரி இல்லாத இடத்தில். ஏலிக்குக் கிடைத்த திருத்தம் எனக்குக் கிடைக்க வழியே இல்லாதபடி நானே ஏற்பாடு செய்துகொண்டேன். நாம் ஒருவரைப் பற்றிச் சொல்லும் தீர்ப்புகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன, அதிலும் விசுவாசிகளாகிய நமக்கு ஒரு வசதி உண்டு: "ஜெபிப்பதற்காகத்தான் சொல்லுகிறேன்" என்று தொடங்கிவிட்டால் எந்தப் புறங்கூறுதலும் ஜெபக்குறிப்பாகிவிடுகிறது.

இதனால் சரி, தவறு என்று எதையும் சொல்லவே கூடாது என்று நான் வாதிடவில்லை. குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள் என்று தொடங்கும் மத்தேயு 7-ஆம் அதிகாரமே, கள்ளத்தீர்க்கதரிசிகளை அவர்களுடைய கனிகளினாலே அறியும்படியும் சொல்லுகிறது. உத்திரத்தை எடுத்த பின்பு சகோதரனின் துரும்பை எடுக்க உதவலாம் என்றும் இருக்கிறது. ஆனால் 18-ஆம் அதிகாரத்தின்படி, குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் போகவேண்டியது தனியாக, நீயும் அவனும் மட்டும் இருக்கையில். மூன்றாவது ஆளிடம் சொல்லி மனப்பாரத்தை இறக்கிக்கொள்வதற்கு அங்கே இடமில்லை.

நான் யாரிடம் பேசினேனோ அவரிடம் போய், காரணம் தெரியாமல் பேசிவிட்டேன் என்று சொன்னேன். அவர் அதை மறந்தே போயிருந்தார், அல்லது மறந்ததாகச் சொன்னார். அவர் இதை வேறு எவரிடமாவது சொல்லியிருந்தால் அது இப்போது எங்கே இருக்கிறதோ.

சில வருஷங்கள் கழித்து, தனக்குப் பிறந்து பால்மறந்த மகன் சாமுவேலைக் கையில் பிடித்துக்கொண்டு அன்னாள் அதே ஏலியினிடத்தில் வருகிறாள். இங்கே உம்மிடத்தில் நின்று கர்த்தரை நோக்கி விண்ணப்பம்பண்ணின ஸ்திரீ நான்தான் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறாள். அன்றைக்கு அவர் தன்னை என்னவென்று எண்ணினார் என்பதை அவள் சொல்லவே இல்லை.