கை தெரியுதா, வெளிச்சம் தெரியுதா?

விழித்திரை ஆபரேஷன் தியேட்டரில் பதினோரு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். இன்னமும் எனக்கு வயிற்றைக் கலக்குவது, கண்புரை ஆபரேஷன் முடிந்து நாலைந்து நாளில் வருகிற கண்வலிதான். கண்ணுக்குள் கிருமி தொற்றிச் சீழ் பிடித்ததன் அடையாளமாக அது இருக்கலாம்.

போன மாதம் ஒரு பாட்டி வந்தார். வெள்ளிக்கிழமை வேறொரு இடத்தில் லென்ஸ் வைத்திருக்கிறார்கள். செவ்வாய் ராத்திரி வலி ஆரம்பித்திருக்கிறது. ஆபரேஷன் செய்த கண் உறுத்தத்தானே செய்யும் என்று வீட்டில் சொட்டு மருந்து மட்டும் விட்டிருக்கிறார்கள். வியாழன் காலை எங்களிடம் வந்தபோது இமை வீங்கி, கருவிழிக்குப் பின்னால் சீழ் வெள்ளையாகத் தேங்கியிருந்தது.

முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினேன். "கை ஆடுறது தெரியுதா பாட்டி?"

"இல்ல தாயி."

டார்ச் அடித்தேன். "வெளிச்சம் தெரியுது."

அந்தப் பதிலைக் கேட்டதுமே தியேட்டரைத் தயார் செய்யச் சொல்லிவிட்டார் டாக்டர். 1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, இப்படிக் கண்ணுக்குள் தொற்று வந்த 420 நோயாளிகளை வைத்து, யாருக்கு என்ன சிகிச்சை என்பதைத் தெளிவாக்கியது. கையசைவு தெரிந்தால் கண்ணுக்குள் மருந்து ஊசியே போதும். வெளிச்சம் மட்டும் தெரிந்தால் உடனே விட்ரெக்டமி, அதாவது கண்ணுக்குள் நிறைந்திருக்கும் ஜெல்லியை வெட்டி எடுக்கும் ஆபரேஷன், செய்ய வேண்டும். அப்படிச் செய்தவர்களில் நூற்றுக்கு 33 பேருக்கு நல்ல பார்வை திரும்பியது, ஊசி மட்டும் போட்டவர்களில் 11 பேருக்குத்தான்.

கருவிழி ஓரத்திலிருந்து மூன்றரை மில்லிமீட்டர் தள்ளி மூன்று துளைகள். சலைன் குழாயை உடனே திறக்கக் கூடாது, பரிசோதனைக்கு எடுக்கும் ஜெல்லியில் தண்ணீர் கலந்துவிடும். சிரிஞ்சில் வந்தது அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. அப்புறம்தான் கட்டர் உள்ளே போய் ஜெல்லியை வெட்டி வெட்டி உறிஞ்சும். முழுதாக எடுக்க டாக்டர் முயலவில்லை. சீழ் பிடித்த கண்ணில் விழித்திரை ஈரக் காகிதம்போலக் கிழியும்.

கடைசியில் கண்ணுக்குள் போட இரண்டு கிருமிக்கொல்லி மருந்துகள்: வான்கோமைசின் 1 மில்லிகிராம், செஃப்டாசிடிம் 2.25 மில்லிகிராம். இரண்டையும் தனித்தனி சிரிஞ்சில்தான் ஏற்றுவேன், ஒன்றாகக் கலந்தால் திரிந்துபோகும்.

லேபில் கிருமியை வளர்த்துப் பார்த்த கல்ச்சரில் வந்தது ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். நம் எல்லோர் இமைத் தோலிலும் இருக்கிற கிருமிதான்.

நேற்று பாட்டி செக்கப்புக்கு வந்தார். மூன்று மீட்டரில் விரல்களைச் சரியாக எண்ணினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. செவ்வாய் ராத்திரியே வந்திருந்தால் ஊசியோடு முடிந்திருக்கலாம். இன்னொரு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது, தொடவே விடமாட்டேன் என்கிறார். அடுத்த முறை மகளையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.