வெளிச்சம் வேண்டாத பவளங்கள்: தொட்டி நாட்குறிப்பு

ஜனவரி 5

கடல்நீர்த் தொட்டியைக் கலைத்துவிட்ட நண்பர் ஒருவரிடமிருந்து சன் கோரல் என்ற பவளம் ஒன்று வந்து சேர்ந்தது. டியூபாஸ்ட்ரியா இனம், ஆரஞ்சு நிறம், உள்ளங்கை அகலம். பாலிப்கள் (ஒவ்வொன்றும் வாயும் கைகளும் கொண்ட சிறு உயிர்) எல்லாம் இறுக மூடிக் கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவே சதை வற்றி, பல இடங்களில் வெள்ளை எலும்பு வெளியே தெரிகிறது. பார்த்தவுடன் நோய் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இது வெறும் பட்டினி.

தொட்டிகளில் நாம் வளர்க்கும் பெரும்பாலான பவளங்களின் சதைக்குள் ஸூசாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது. அது ஒளிச்சேர்க்கை செய்து தரும் உணவிலேயே பவளத்தின் பெரும்பகுதித் தேவை தீர்ந்துவிடும். நாம் மறந்தாலும் விளக்கு சோறு போட்டுவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். சன் கோரலுக்குள் அந்தக் குடித்தனக்காரர் கிடையாது. வாயில் ஏதாவது விழுந்தால்தான் உண்டு.

பாறை விளிம்புக்குக் கீழே நிழலில் வைத்திருக்கிறேன். வெளிச்சம் இதைக் கொல்லாது. கடலில் சில இடங்களில் நல்ல வெயிலிலும் வளர்கிறது. ஆனால் வெளிச்சம் பட்டால் அந்த வெற்று எலும்பில் பாசி பிடிக்கும். பாசி பிடித்த இடத்தைச் சதை திரும்ப மூடுவது சிரமம். உப்பு 1.025 (ஒப்படர்த்தி), வெப்பம் 25 டிகிரி, ஆல்க்கலினிட்டி (காரத்தன்மை) 8.5 dKH, கால்சியம் 420 ppm. இதுவும் கல் பவளம்தான், எலும்பு கட்டக் கடைசி இரண்டும் தேவை.

ஜனவரி 6

விளக்கு அணைந்த பிறகு, உறைந்த மைசிஸ் என்ற குட்டி இறாலை உருக்கிய நீரில் சில துளிகளைப் பவளத்தின் மேல் விட்டேன். அசைவே இல்லை.

ஜனவரி 9

இன்று கொஞ்சம் உயிர் தெரிந்தது. அதே நேரம், அதே சில துளிகள். அரை மணி நேரத்தில் நாலைந்து பாலிப்கள் உப்பின. வாய்ப் பக்கம் மஞ்சள் நுனிகள் எட்டிப் பார்த்தன, கைகள் முழுதாக விரியவில்லை.

உப்பியிருக்கும்போது உணவை வாய்மேல் வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். பலவீனமான பவளத்துக்கு அது சரிதான், ஆனால் மைசிஸ் அதற்குப் பெரிய கவளம். பிடித்துவைக்கக் கைகள் விரியாத நிலையில் உருண்டு கீழே போய்விடும். உறைய வைத்த சைக்ளாப்ஸ் என்ற நுண்ணிய நீருயிர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, சளியில் ஒட்டிக்கொள்ளும். அதைத்தான் கொடுத்தேன். பைப்பெட்டிலிருந்து பீய்ச்சக் கூடாது. நீரோட்டத்தை நிறுத்திவிட்டு, நுனியைச் சற்று மேலே பிடித்து, உணவைத் தானாக விழவிட வேண்டும். வேகமாக நீர் பட்டால் உடனே மூடிக்கொள்கிறது.

ஜனவரி 20

உணவு கொடுப்பதைவிட அதைக் காவல் காப்பதுதான் பெரிய வேலையாக இருக்கிறது. கிளீனர் இறாலுக்கு நேரம் தெரிந்துவிட்டது. பைப்பெட்டைக் கையில் எடுத்ததுமே பவளத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பாலிப் மைசிஸைப் பிடித்து, கைகளை மடக்கி, வாய்க்குள் இழுத்த பிறகும் விடுவதில்லை. வாயைக் குடைந்து வெளியே எடுக்கிறது. இப்படித் திருட்டு கொடுத்த பாலிப் அன்று மறுபடி திறப்பதே இல்லை. வாய் ஓரம் கிழிந்துபோகவும் கூடும்.

பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றின் மேல்பாதியை வெட்டிக் குடையாகக் கவிழ்த்துவிட்டேன். மூடி இருக்கும் துளை வழியாகப் பைப்பெட்டை விடலாம். இருபது நிமிடம் அப்படியே விட்டால் எல்லா வாயும் மூடிவிடும், பிறகு எடுத்துவிடலாம். இறாலுக்கு முதலில் ஒரு துண்டு பெரிதாகக் கொடுத்துவிடுவதும் உதவுகிறது. லஞ்சம்தான், வேறென்ன.

பிப்ரவரி 3

விளக்கு எரியும்போதே திறக்கிறது! தினமும் ஒரே நேரத்தில் மணம் காட்டி, சிறிது சிறிதாக அந்த நேரத்தை முன்னால் தள்ளி வந்ததன் பலன். இப்போது மாலை ஏழு மணிக்குத் துளி எதுவும் விடாமலேயே பாதிப் பாலிப்கள் விரிந்து நிற்கின்றன. கடலில் இரவில்தான் விலங்கு மிதவையுயிரிகள் ஆழத்திலிருந்து மேலே வரும், அதனால் இவை இரவில் திறக்கின்றன. ஆக, வழிகாட்டுவது உணவின் வரவு. இருட்டு அதற்கு ஓர் அடையாளம் மட்டும்.

ஒவ்வொரு பாலிப்புக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: ஆம். பக்கத்துப் பாலிப் சாப்பிட்டதில் கொஞ்சம் பகிர்வு இருக்கலாம். ஆனால் அதை நம்பி ஒரு ஓரத்தை விட்டுவிட்டால் அந்த ஓரம்தான் முதலில் மெலிகிறது. வாரத்துக்கு மூன்று முறை, எல்லா வாய்க்கும். மெலிந்து வந்த பவளத்துக்குத் தினமும்.

பிப்ரவரி 11

இன்று ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறாலின் முட்டைகளைப் பொரிக்கும் வேலை. உறைந்த உணவு மட்டும் போதும் என்று சொல்பவர்களோடு சண்டையில்லை. ஆனால் நீந்துகிற இரை கைகளில் மோதும்போது பாலிப் காட்டும் வேகமே வேறு.

லிட்டருக்கு 25 முதல் 35 கிராம் உப்பு, 28 டிகிரி, அடியிலிருந்து பலமான காற்று, மேலே விளக்கு. முட்டைகள் நன்றாக இருந்தால் ஒரு நாளில் பெரும்பாலும் பொரிந்துவிடும். பிறகு காற்றை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். காலி ஓடுகள் மேலே மிதக்கும், பொரியாதவை அடியில் தங்கும். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிப் போகும் என்பதால் ஒரு பக்கம் டார்ச் வைத்து அங்கிருந்து குழாய் போட்டு உறிஞ்சிவிடலாம். ஓடுகளைத் தொட்டியில் விடாதீர்கள். செரிக்காது, பாலிப் விழுங்கித் துப்பிச் சோர்ந்துபோகும். பொரித்த உப்புநீரையும் ஊற்றக் கூடாது. வலையில் வடித்துச் சுத்தமான கடல்நீரில் அலசுங்கள்.

நேரம் முக்கியம். புதிதாகப் பொரிந்த குஞ்சுக்கு வாய் இன்னும் திறக்கவில்லை, மஞ்சள்கருவை வைத்துக்கொண்டு வாழ்கிறது. சத்து உச்சத்தில் இருப்பது அப்போதுதான். சுமார் எட்டு மணி நேரத்தில் தோலுரித்து அடுத்த பருவத்துக்குப் போய்விடும், கருவும் கரைந்துகொண்டே வரும். ஆகவே ஒன்று உடனே கொடுக்க வேண்டும். இல்லையென்றால் தோலுரிக்கும்வரை விட்டு, பாசிக் கரைசலில் ஊறவைத்து வயிறு நிரப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே, முதல்நாள் பொரித்ததை மறுநாள் பட்டினியாகக் கொடுப்பது வீண். எடுத்துவைக்க வேண்டுமென்றால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், கரு கரைவது மெதுவாகும்.

பிப்ரவரி 24

கிளைவிட்டு வளரும் பவளமான கோர்கோனியன் ஒன்று சேர்த்திருக்கிறேன். டையோடோகோர்கியா, மஞ்சள் கிளை, சிவப்பு முடிச்சுகள், வெள்ளைப் பாலிப்கள். கரீபியக் கடல் பக்கத்தது. இதிலும் பாசிக் குடித்தனம் இல்லை. சன் கோரலோடு பழகிய கைக்கு இது வேறு பாடம். எட்டுக் கைகள், ஒவ்வொன்றிலும் இரு பக்கமும் சிறு கிளைகள், வாய் மிகச் சின்னது. மைசிஸ் இதற்குப் பயனில்லை. ஆர்ட்டீமியா குஞ்சு, ரோட்டிஃபர் என்ற நுண்ணிய மிதவையுயிரி, சைக்ளாப்ஸின் நொறுங்கிய தூள் ஆகியவைதான் சரி.

சன் கோரலுக்கு நீரோட்டத்தை நிறுத்திக் கொடுக்கிறோம். இதற்கு ஓட்டம்தான் பரிமாறுகிறது. கிளைகள் விரிந்திருக்கும் தளத்துக்கு நேர்க்குறுக்காக, சீராக, ஒரே திசையில் வர வேண்டும். அலை அடிப்பதுபோல முன்னும் பின்னும் தள்ளும் வேவ்மேக்கர் அமைப்பில் பாதிப் பாலிப்கள் மூடிக்கொண்டன. பம்பைப் பக்கவாட்டுக் கண்ணாடிக்கு மாற்றிய பிறகு மாலைக்குள் திறந்தன. கிளைநுனி காற்றில் ஆடும் இலை அளவுக்கு அசைந்தால் போதும். மடங்கினால் அதிகம்.

மார்ச் 8

உணவுக் கழிவால் நீரில் சேரும் நைட்ரேட் 25 ppm, பாஸ்பேட் 0.2 ppm. எதிர்பார்த்ததுதான்.

இந்தப் பவளங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் உணவைப் பற்றியே எழுதுகிறார்கள். என் கருத்தில் உணவு கொடுப்பது எளிய பாதி. சாப்பிட்டதும் சாப்பிடாததும் கடைசியில் நீரில்தான் நிற்கிறது, அதை வெளியே எடுப்பதுதான் மீதிப் பாதி. சாதாரணத் தொட்டியில் நீர் கெட்டால் உணவைக் குறைக்கலாம். இங்கே குறைத்தால் பட்டினி. ஆக, உணவின் அளவை மாறாத எண்ணாக வைத்துக்கொண்டு வடிகட்டலை அதற்கு ஏற்றாற்போல் அமைக்க வேண்டும்.

நீர் மாற்றத்தை மட்டும் நம்புவதில் ஒரு கணக்கு இடிக்கிறது. 150 லிட்டரில் 30 லிட்டர் மாற்றினால் நைட்ரேட் 25 என்பது 20 ஆகும். அந்த வாரமே உணவு 5 ஏற்றினால் மறுபடி 25. அதாவது எவ்வளவு விடாமல் மாற்றினாலும் அங்கேயே நிற்கும், கீழே வராது. அதனால் மற்ற வழிகளும் வேண்டும். தொட்டி அளவுக்கு மேலான ஸ்கிம்மர் (கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் கருவி). சம்ப்பில் (கீழே இருக்கும் வடிகட்டல் தொட்டியில்) கீட்டோ பாசி, தொட்டி விளக்கு அணைந்திருக்கும் நேரத்தில் அதற்கு வெளிச்சம். பாஸ்பேட்டுக்கு இரும்பு ஆக்சைடு துகள், அதுவும் சிறிய அளவில். ஒரேயடியாக இறக்கினால் பவளங்கள் அதைத் தாங்குவதில்லை.

வோட்கா, வினிகர் போட்டுப் பாக்டீரியாவை வளர்த்து ஸ்கிம்மரில் எடுக்கும் முறை வேலை செய்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அளவு மீறினால் பாக்டீரியா பெருகி இரவில் ஆக்சிஜன் இறங்கும். இப்போதைக்கு அதை ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

உணவுக்குப் பின் ஸ்கிம்மரை ஒரு மணி நேரம் நிறுத்துவேன். இரவு முழுக்க நிறுத்துவது சிலர் வழக்கம், எனக்கு உடன்பாடில்லை.

மார்ச் 9

நண்பர் கேட்கிறார்: இவ்வளவும் செய்யும்போது டெண்ட்ரோநெப்தியா என்ற மென்பவளம் ஒன்றும் வாங்கிவிடலாமே?

வேண்டாம். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் தண்டு, மேலே சிவப்பும் இளஞ்சிவப்புமாகக் கொத்துகள். பவளங்களில் இதைவிட அழகானது எதுவென்று எனக்குத் தெரியாது. அந்த அழகை நம்பித்தான் விற்கிறார்கள். பெரும்பாலானவை சில வாரங்களில் சுருங்கிக் கரைகின்றன. 1995-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு, செங்கடலில் வாழும் டெண்ட்ரோநெப்தியா ஹெம்பிரிச்சி முக்கியமாகத் தாவர மிதவையுயிரிகளைத் தின்றே வாழ்கிறது என்று காட்டியது. அதன் வாயருகே விலங்கு மிதவையுயிரிகளும் வருகின்றன, ஆனால் அவற்றில் அது பிடிப்பது மிகக் குறைவு. நாம் ஊற்றும் நானோகுளோராப்சிஸ் என்ற நுண்பாசியின் செல் 2 முதல் 4 மைக்ரான். ஆர்ட்டீமியா குஞ்சு அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். பைப்பெட்டால் ஊட்டிக் காப்பாற்றக்கூடிய உயிர் இல்லை இது.

அந்த நுண்பாசி நாள் முழுக்க, நிற்காத ஓட்டத்தில், மெல்லிய செறிவில் வந்துகொண்டே இருக்க வேண்டும். காலையில் ஒரு கப், இரவில் ஒரு கப் என்று ஊற்றினால் கால் மணி விருந்து, மீதி நேரம் பட்டினி. குளிர்ப்பெட்டியில் பாசி, அதைக் கலக்கிவிட ஒரு கருவி, மணிக்கு மணி சொட்டவிடும் பெரிஸ்டால்டிக் பம்ப் என்று தொட்டியையே அதற்காகக் கட்டியவர்கள் சிலர் வெற்றி பெற்றிருக்கிறார்கள். ஓரமாக ஒன்று வைக்கலாமே என்ற எண்ணத்தில் வாங்குவதற்கானது அல்ல.

ஏப்ரல் 2

சன் கோரலின் எலும்பு மறைந்துகொண்டு வருகிறது. முன்பக்கம் முழுதும் சதை மூடிவிட்டது. பின்பக்கம் பாசி பிடித்த ஒரு திட்டு மட்டும் அப்படியே.

ஏப்ரல் 13

ஒரு மூலையில் மூன்று பாலிப்கள் மட்டும் திறக்கவில்லை. இரவில் டார்ச் அடித்துத் தேடினேன். எபிடென்ட்ரியம் நத்தை, நகக்கண் அளவு, பவளத்தின் நிறத்திலேயே மஞ்சளாக. பக்கத்தில் முட்டைக் கொத்தும் மஞ்சள். பகலில் பார்த்தால் மூடிய பாலிப் என்றே தோன்றும். இடுக்கியால் எடுத்தேன், முட்டைகளைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். இந்தப் பவளத்தைத் தின்பதற்கென்றே ஃபெஸ்டில்லா என்ற ஓடில்லாத கடல் நத்தை ஒன்றும் உண்டு, அதுவும் இதே நிறத்தில் வரும். பசி இல்லாத பவளம் திறக்க மறுத்தால் உணவைக் கூட்டுவதற்கு முன் இரவில் ஒருமுறை பாருங்கள்.

ஏப்ரல் 17

இன்னொரு முட்டைக் கொத்து. எடுத்தாயிற்று.

மே 6

கோர்கோனியனில் ஒரு கிளைநுனி கருத்து, சதை உரிந்து, உள்ளே இருக்கும் அச்சு தெரிந்தது. நல்ல சதை இருக்கும் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் தள்ளி வெட்டிவிட்டேன். காத்திருந்தால் அழுகல் கீழே இறங்கும். மீதிக் கிளை இரண்டாம் நாளே திறந்துவிட்டது.

மே 19

தொட்டி நீர் வழிந்து சம்ப்புக்குப் போகும் ஓவர்ஃப்ளோ பெட்டியின் உள்சுவரில் ஆரஞ்சுப் புள்ளிகள். உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றிலும் கைகள். குட்டி சன் கோரல்கள்! டியூபாஸ்ட்ரியா தன் லார்வாக்களை உள்ளேயே வளர்த்து வெளியே விடும். ஆண் பெண் சேர்க்கை இல்லாமலும் இது லார்வா உண்டாக்கும் என்பதால் தொட்டியில் ஒரே ஒரு பவளம் இருந்தும் குட்டிகள் வந்ததில் வியப்பில்லை. நிழலும் ஓட்டமும் ஒருசேரக் கிடைக்கும் இடமாகப் பார்த்துத்தான் ஒட்டியிருக்கின்றன.

ஊட்டி வளர்க்க இவ்வளவு பாடுபடும் இதே பவளம்தான் அட்லாண்டிக்கில் ஆக்கிரமிப்பு இனம். இந்திய, பசிபிக் பெருங்கடல்களைச் சேர்ந்தது. 1940களில் கரீபியனில் பதிவானது. 1980களின் இறுதியில் பிரேசில் பக்கம் எண்ணெய்த் தளங்களில் காணப்பட்டு, இன்று அங்கே பாறைக்கரைகளில் உள்ளூர் உயிர்களை நெருக்கித் தள்ளுகிறது. ஆகவே ஒரு வேண்டுகோள்: தொட்டி நீரையோ, உடைந்த துண்டையோ, குட்டி ஒட்டிய கல்லையோ கடலிலும் கடலுக்குப் போகும் வாய்க்காலிலும் போடாதீர்கள்.

மே 22

குட்டிகளின் வாய்க்கு மைசிஸ் ஆகாது. பொரிந்து சில மணி நேரமே ஆன ஆர்ட்டீமியாவைப் பெட்டிக்குள் பம்பை நிறுத்திவிட்டு நேராகவே விடுகிறேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை, தாய்க்குக் கொடுக்கும் அதே மாலை ஏழு மணி. பெட்டிச் சுவரில் பாசி படர்ந்தால் காந்தத் துடைப்பானை விடப்போவதில்லை. பிரஷ்ஷால் சுற்றி மட்டும். கொஞ்சம் பெரிதானதும் சுரண்டி எடுத்துக் கல்லில் ஒட்டலாமா, அங்கேயே விடலாமா என்பதை ஓவர்ஃப்ளோவில் நீர் வழியும் பல் இடுக்கு அடைபடுகிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.