கதவைத் திறந்ததும் ஒரு வாசம்

2017 நவம்பர் கடைசியில் திருக்குறள் எக்ஸ்பிரஸில் வந்து நிஜாமுதீனில் இறங்கினேன். திருநெல்வேலியில் ஏறும்போது போட்டிருந்த பருத்திச் சுடிதார்தான் மேலே. நடைமேடையில் கால் வைத்ததுமே பல் தந்தியடித்தது. டெல்லி நம் நாட்டுத் தலைநகர்தான், விசா கிடையாது. ஆனாலும் பேச்சு, குளிர், சாப்பாடு, வெளிச்சம் என்று எல்லாமே வேறாக இருக்கிற இடத்தை வேற்று நாடு என்றுதான் என் உடம்பு எடுத்துக்கொண்டது.

முனிர்க்காவில் மாடிக்கு மேலே ஒரு பர்சாத்தி. மொட்டைமாடியில் கட்டிய ஒற்றை அறைக்கு இங்கே அதுதான் பெயர். நானும் திண்டுக்கல்காரத் தோழி ஒருத்தியும் பங்கு போட்டுக்கொண்டோம். பக்கத்திலேயே ஆர்.கே.புரம் மலை மந்திர் இருக்கிறது, முருகன் இருக்கிறான் என்பதுதான் அம்மாவுக்கு ஒரே ஆறுதல். எனக்கு அந்த ஆறுதல் எல்லாம் சாயங்காலம் ஏழு மணிக்குள் தீர்ந்துவிடும். இருட்டில் மூன்று மாடி ஏறி வந்து பூட்டைத் திறந்தால் அறை வெளியை விடச் சில்லென்று இருக்கும். தேங்காய் எண்ணெய் புட்டியில் வெள்ளைக் கட்டியாக உறைந்து கிடக்கும். இட்லி மாவு ஆட்டி வைத்தால் இரண்டு நாளானாலும் பொங்காது. கேஸ் இணைப்புக்கு வாடகை ஒப்பந்தம், முகவரிச் சான்று என்று அலைந்ததில் இரண்டு மாதம் போயிற்று. அதுவரை ஒரே ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. அதையும் கீஸரையும் ரூம் ஹீட்டரையும் ஒன்றாகப் போட்டால் எம்.சி.பி (கரண்ட் அதிகம் இழுத்தால் தானாக அணைகிற சுவிட்ச்) விழுந்துவிடும். குளிப்பதா, குளிர் காய்வதா, சமைப்பதா என்று தினமும் ஒரு பஞ்சாயத்து.

அலுவலகத்தில் மதுரைக்கார அக்கா ஒருவர் இருந்தார். இத்தாலியில் ஜெனோவாவில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தவர். நான் தினமும் மதியம் பிரெட் ஆம்லெட் தின்பதைப் பார்த்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை பெரிய பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே ஸ்லோ குக்கர். கனமான பீங்கான் பானை, அதைச் சுற்றிச் சூடேறும் கூடு, கண்ணாடி மூடி. லோ, ஹை, வார்ம் என்று மூன்றே நிலை.

"காலையில காயை அள்ளிப் போட்டுட்டு வா. ராத்திரி போறப்ப சூப் தயாரா இருக்கும். பழைய குண்டு பல்பு ரெண்டு எரியுற கரண்டுதான் இழுக்கும், உன் எம்.சி.பி விழாது" என்றார்.

அவர் சொல்லிக் கொடுத்தது மினெஸ்ட்ரோனே என்கிற இத்தாலியக் காய்கறி சூப். பெயர்தான் எனக்குப் புதிது. வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் பொடியாக நறுக்கி ஆலிவ் எண்ணெயில் நிதானமாக வதக்குவார்களாம். அதற்கு சோஃப்ரித்தோ என்று பெயர். அதன் மேல் தக்காளி, அந்தந்தப் பருவத்துக் காய், கீரை, வெந்த பீன்ஸ், கடைசியில் கொஞ்சம் பாஸ்தா. "என்ன காய், எவ்வளவு?" என்று கேட்டேன். "வீட்டுக்கு வீடு மாறும்மா. அந்த வாரம் சந்தையில என்ன கிடைக்குதோ அதான் கணக்கு" என்றார் அக்கா. எனக்கு உடனே எங்கள் ஊர்க் கூட்டாஞ்சோறு ஞாபகம் வந்தது. அரிசி, பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்கீரை என்று வீட்டில் இருப்பதெல்லாம் ஒரே பானையில் வேகுமே, அதேதான். பிறகு எனக்கு பயம் போய்விட்டது.

பயம் போனதுதான் தப்பாயிற்று. இத்தாலியில் போர்லோத்தி, கன்னெல்லினி என்று பீன்ஸ் வகைகள் போடுவார்கள். இங்கே கிடைப்பது ராஜ்மா. காலையில் ஒரு மணி நேரம் மட்டும் ஊறவைத்து, அப்படியே பச்சையாகப் பானையில் போட்டு, லோவில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு பேரும் சாப்பிட்டோம். ராஜ்மா கொஞ்சம் நறுக் நறுக்கென்றுதான் இருந்தது, பசியில் பொருட்படுத்தவில்லை. பத்தரைக்குத் தோழி வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். பதினொன்றுக்கு நான். சத்தம் கேட்டு வீட்டுக்கார ஆன்ட்டி சால்வையைப் போர்த்திக்கொண்டு மேலே வந்தார். ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டு, பானையில் மிச்சம் இருந்ததை ஒரு கரண்டி எடுத்து ராஜ்மாவை விரலால் நசுக்கிப் பார்த்தார். நசுங்கவில்லை. "எத்தனை சீட்டி விட்டாய், பேட்டா?" என்று ஹிந்தியில் கேட்டார். விசிலே விடவில்லை என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. இதை ஸ்லோ குக்கர் வாங்குகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். பச்சை ராஜ்மாவில் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற லெக்டின், அதாவது ஒரு வகை நச்சுப் புரதம் இருக்கிறது. வேகாத நாலைந்து பயறு உள்ளே போனாலே போதும், சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு. தளதளவென்று கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரில் லோவில் வைத்தால் பல மணி நேரம் கொதிநிலைக்குக் கீழேயே சூடு நிற்கும். 80 டிகிரி போல மந்தமான சூட்டில் அரைகுறையாக வெந்த ராஜ்மா, பச்சையை விடக் கூடுதல் நச்சாக மாறவும் கூடும். அதனால் குறைந்தது ஐந்து மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் கொதிக்கவைக்க வேண்டும். பத்து நிமிஷம் போதும் என்று சிலர் சொல்வார்கள், முப்பது நிமிஷம் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் கணக்கு. நான் குக்கரில் நாலைந்து விசில் விட்டு, விரலில் நசுங்குகிற பதத்துக்கு வேகவைத்த பிறகுதான் பானையில் சேர்க்கிறேன். இன்னொன்று, தக்காளியின் புளிப்பில் பயறு சட்டென்று மெத்தென்றாகாது. அதற்காகவும் முன்கூட்டி வேகவைப்பதுதான் சரி.

இத்தனைக்கும் இந்தப் பானை பிறந்ததே பீன்ஸுக்காக. சிகாகோவில் இர்விங் நாக்ஸன் என்பவர் 1940இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நாக்ஸன் பீனரி என்றே பெயர் வைத்து விற்றார். லிதுவேனியாவில் யூதக் குடும்பங்கள், அடுப்பு மூட்டக் கூடாத சபாத் ஓய்வு நாளுக்காக வெள்ளிக்கிழமை சாயங்காலமே பீன்ஸும் இறைச்சியும் போட்ட பானையை அடுமனை அடுப்பின் மிச்சச் சூட்டில் வைத்துவிட்டுப் போவார்களாம். அவருடைய அம்மா சொன்ன அந்தக் கதைதான் வித்து. 1970களில் கிராக் பாட் என்ற பெயரோடு வந்த பிறகு, வேலைக்குப் போகும் அமெரிக்கப் பெண்கள் வீட்டில் எல்லாம் இது இடம் பிடித்தது. அவர்களுக்கும் என்னைப் போலத்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது என் முறை இதுதான். ஞாயிறு ராத்திரி ஒரு கப் சித்ரா ராஜ்மா (புள்ளி போட்ட வகை) ஊறும். திங்கள் ராத்திரி அதை வேகவைத்து எடுத்துவிட்டு, இரண்டு வெங்காயம், மூன்று கேரட், இரண்டு தண்டு செலரியைக் கால் மணி நேரம் வதக்கி, ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். செலரிக்கு ஐ.என்.ஏ மார்க்கெட் போக வேண்டும். கேரட்டுக்கு எங்கேயும் போக வேண்டாம். டிசம்பரில் தள்ளுவண்டியில் வருகிற டெல்லி கேரட் ரத்தச் சிவப்பு, நடுத்தண்டு வரை இனிப்பு. நம் ஊர் ஆரஞ்சுக் கேரட்டில் இந்தச் சுவை வராது, இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. செவ்வாய் காலை எட்டு மணிக்கு உருளைக்கிழங்கை அடியில் போட்டு (ஸ்லோ குக்கரில் கிழங்கு வேக நேரமாகும்), மேலே வதக்கியது, ராஜ்மா, நாலு தக்காளி, நாலு பல் பூண்டு, கோஸ், பிரிஞ்சி இலை, ஒரு லிட்டர் தண்ணீர். ஆவி வெளியே போகாது, அதனால் அடுப்பில் வைப்பதை விடத் தண்ணீர் குறைவாகவே போதும். லோவில் வைத்தால் ராத்திரி ஏழரைக்குப் பதம். நடுவில் மூடியைத் திறக்கவே கூடாது, திறந்தால் இழந்த சூடு திரும்ப அரை மணி வரை ஆகும். வந்ததும் பாலக்கும் பட்டாணியும் போட்டு ஹையில் இருபது நிமிஷம். பாஸ்தாவைத் தனியே வேகவைத்துக் கிண்ணத்தில் சேர்ப்பேன். பானையிலேயே போட்டால் மறுநாள் கூழாகிவிடும்.

அக்கா பார்மெசான் பாலாடைக்கட்டியின் கெட்டித் தோலையும் ஒரு துண்டு போடச் சொல்வார். குழம்பே அடர்த்தியாகி மணக்கும். ஆனால் அசல் பார்மெசானைக் கன்றுக்குட்டி இரைப்பையில் எடுக்கும் ரெனெட் சேர்த்துத்தான் உறையவைக்கிறார்கள். அம்மா சுத்த சைவம். அடுத்த ஜனவரியில் அவர் வந்திருந்தபோது அதை விட்டுவிட்டேன்.

"ஏட்டி, கரண்டை அணைக்காமலா வீட்டைப் பூட்டிட்டுப் போற?" என்று முதல் நாளே பிடித்துக்கொண்டார். அதனால் நான் வேலைக்குப் போன பிறகு பானைக்குக் காவல் அவர்தான். பதினோரு மணிக்கு வெயில் வந்ததும் மொட்டைமாடியில் பாயை விரித்து, ஆன்ட்டியும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து பட்டாணி உரிப்பார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது. உரித்த தோலை அம்மா ஒரு பக்கம் குவிக்க, ஆன்ட்டி அதிலிருந்து இளசாக ஒன்றை எடுத்து, உள்தாளை உரித்துக் கடித்துக் காட்டுவார். அம்மாவும் கடிப்பார்.

அன்று ராத்திரி நான் படியேறி வரும்போது இரண்டாம் மாடியிலேயே வாசம் வந்துவிட்டது. அம்மா தன் கிண்ணத்தில் சூப்போடு பாஸ்தாவுக்குப் பதில் சோற்றைப் போட்டு, மேலே ஒரு கூழ்வற்றலை நொறுக்கி வைத்திருந்தார். "சீரகமும் தேங்காயும் அரைச்சு விட்டிருந்தா இன்னும் நல்லா இருக்கும்" என்றார். இரண்டாவது கிண்ணமும் சாப்பிட்டார்.

இப்போதும் குளிர்காலம் தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையிலிருந்து போன் வரும். முதல் கேள்வி, "ராஜ்மா ஊறப் போட்டியாளா?"