காரைக்குடியில் ஃபைப்ரின் தட்டு ஊற்றிய அனுபவம்

பழைய சோற்று நீராகாரத்திலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியா, ரத்தக்கட்டியைக் கரைக்கும் நொதியைச் சுரக்கிறதா? காரைக்குடியில் நான் செய்துவரும் முனைவர் பட்ட ஆய்வின் கேள்வி இது. ஜப்பானின் புளித்த சோயா உணவான நாட்டோவில் அப்படியொரு நொதி இருப்பதை ஹிரோயுகி சுமி 1987இல் அறிவித்தார். நம் ஊர்ச் சோற்றுப் பானையை ஏன் சோதிக்கக் கூடாது என்ற ஆசைதான் தொடக்கம்.

முதல் வடிகட்டல் சோதனை, பால் கலந்த கூழ் ஊற்றிய தட்டில். புரதத்தைச் செரிக்கும் பாக்டீரியாவைச் சுற்றித் தெளிந்த வளையம் விழும். அது பாலைச் செரித்ததற்குத்தான் சாட்சி. ரத்தக்கட்டியைப் பற்றிப் பேச, அந்தக் கட்டியை வலைபோலப் பின்னும் புரதமான ஃபைப்ரினால் ஆன தட்டு வேண்டும்; என்னைப் பாடாய்ப் படுத்தியதும் அதுவே. கூழாக இறுகும் அகரோஸை உருக்கி, 50 டிகிரிக்குக் கீழே ஆறவிட வேண்டும். சூடு மிஞ்சினால், அதில் கலக்கும் ஃபைப்ரினோஜன் (ஃபைப்ரினின் மூலப்புரதம்) கெட்டுவிடும். ரொம்ப ஆறினால் குடுவையிலேயே இறுகிவிடும். அதை ஃபைப்ரினாக்கும் திராம்பின் நொதியைச் சேர்த்தபின் மூச்சுவிட நேரமில்லை. கலக்கி, குமிழி எழாமல் ஊற்றிவிட வேண்டும். தட்டு முழுவதும் இளநீர் வழுக்கை போலச் சீராக வெளுத்தால் ஃபைப்ரின் உருவாகிவிட்டது. திட்டுத் திட்டாக வெளுத்தால் அத்தனையும் வீண். திராம்பின் விலை தெரிந்தவர்களுக்கு வயிறு எரியும்.

37 டிகிரியில் இரவு முழுக்க வைத்தபின், பாக்டீரியாச் சாறு விட்ட குழியைச் சுற்றித் தெளிந்த வட்டம் தெரிந்தது. துள்ளிக் குதித்தேன். வழிகாட்டியோ உடனே, "இன்னொரு தட்டைச் சூடாக்கிப் பாருங்கள்" என்றார். கடையில் வாங்கும் ஃபைப்ரினோஜனில், தூண்டினால் ஃபைப்ரினைக் கரைக்கும் நொதியாக மாறும் பிளாஸ்மினோஜனும் கலந்திருக்கக்கூடும். எங்கள் நொதி அதைத் தூண்டிவிட்டும் கரைத்திருக்கலாம். 80 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் பிளாஸ்மினோஜன் செயலிழந்துவிடும். அந்தத் தட்டிலும் வட்டம் அதே அளவில் விழுந்தது. ஆக, நொதி ஃபைப்ரினை நேரடியாகவே கரைக்கிறது.

ரத்த அழுத்தத்தையும் ஆய்வில் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. உடலில் உருவாகும் ஆஞ்சியோடென்சின்-2 என்ற ஹார்மோன் ரத்தக்குழாயைச் சுருக்குவதோடு, கட்டி கரைவதைத் தடுக்கும் பிஏஐ-1 என்ற புரதத்தையும் கூட்டுகிறது. ஆஞ்சியோடென்சின்-2ஐ உருவாக்கும் ஏசிஇ நொதியை எங்கள் பாக்டீரியாச் சாறு தடுக்கிறதா என்று, அந்த நொதியைத் தடுக்கும் ரத்த அழுத்த மருந்தான கேப்டோபிரிலுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இதைக் கேட்டதும் அப்பத்தா, "அப்படியானால் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு நீராகாரமே குடிக்கட்டுமா, அய்யா?" என்றார். "நிறுத்தவே கூடாது அப்பத்தா" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். தட்டில் கரைந்த ஒன்று, வயிற்று அமிலத்தைத் தாண்டி ரத்தத்துக்குள் போகும் என்று நான் நிரூபிக்கவில்லை. நீராகாரத்தில் அவர் போடும் உப்பு வேறு அழுத்தத்தைக் கூட்டும்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்துவிட்டது. இனித் தன்னார்வலர்களின் ரத்தத்தில் சோதனை: எடுத்த ரத்தம் உறையாமலிருக்க 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் ஒரு பங்கு, ரத்தம் ஒன்பது பங்கு. இந்த நொதி, ரத்தம் உறைவதையும் தாமதப்படுத்தினால் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. அதைத்தான் முதலில் பார்க்கப்போகிறேன்.