கிணறுகள் தாங்கும் கோவில்

நெல்லை ரயில் எழும்பூருக்கு வந்து சேர்ந்தபோது சரியாக விடியவில்லை. அப்பாவுக்குக் கண் பரிசோதனை திங்கட்கிழமைதான். ஞாயிறு ஆராதனையைத் தவறவிட அவர் சம்மதிக்க மாட்டார். தங்குமிடத்தில் குளித்துவிட்டு, ரயில் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கும் தூய அந்திரேயா ஆலயத்துக்குப் போனோம். சென்னைக்காரர்களுக்கு அது 'கிர்க்'. ஸ்காட்லாந்துக்காரர்கள் கோவிலை அப்படித்தான் சொல்வார்களாம்.

வெளியிலிருந்து பார்த்தால் லண்டன் கோவில் ஒன்றின் சாயல்: முகப்பில் பெருந்தூண்கள், அதன் மேல் ஊசிக் கோபுரம். உள்ளே நுழைந்ததும் அந்த எண்ணம் கலைந்துவிடுகிறது. நடுக்கூடம் முழு வட்டம். 16 தூண்கள் சுற்றி நிற்க, 50 அடிக்கு மேல் விட்டமுள்ள குவிமாடம் தலைக்கு மேலே. அதன் உட்புறம் ஆழ்ந்த நீலம். அதில் பொன்னிற நட்சத்திரங்கள். 'வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது' என்று சிறுவயதில் மனப்பாடம் செய்த சங்கீதம் தானாக வாயில் வந்தது.

அப்பா மேலே பார்க்கவேயில்லை. தூணில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். சலவைக்கல் என்றுதான் நானும் நினைத்தேன். "சுண்ணாம்புப் பூச்சு தம்பி, தேய்த்தே மினுக்கியிருக்கிறார்கள்" என்றார்.

அவர் நாற்பது வருடம் கிணறு வெட்டியவர். அதனால், கோவிலின் அஸ்திவாரத்தைப் பற்றி நான் படித்திருந்ததை அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிழக்கிந்தியக் கும்பினிப் படையின் பொறியாளர் தாமஸ் டி ஹாவிலண்ட் 1818-இல் இங்கே வேலையைத் தொடங்கினார். கூவம் பக்கத்தில், மண்ணோ ஈரம். இத்தனை செங்கல் பாரத்தை அது தாங்காது. அவர் கையிலெடுத்தது நம் ஊர் வழக்கத்தை. 14 அடி முதல் 50 அடி ஆழம் வரை, சுமார் 150 கிணறுகளை வட்டச் சுவர்களாக இறக்கி, அவற்றின் மேல் கோவிலை எழுப்பினார். கரையானுக்குப் பயந்து கூரைக்கு மர உத்தரமும் வைக்கவில்லை. குவிமாடத்தையும் செங்கல் கொண்டே கட்டினார். 1821-இல் ஆராதனை தொடங்கியது. டி ஹாவிலண்டின் பெயர் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. மண்ணுக்குள் இறங்கியவர்களின் பெயர் எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

"உறைகிணறா?" என்று அப்பா மட்டும் இரண்டு முறை கேட்டார். "தண்ணீருக்கு இறக்குகிற உறையில் பாரத்தை இறக்கியிருக்கிறார்கள்."

ஆராதனை ஆங்கிலத்தில் நடந்தது. அப்பாவுக்குப் பாதி புரிந்திருக்காது. ஆனாலும் பாமாலை ராகங்கள் எங்கள் ஊர்க் கோவிலில் பாடுகிறவைதான். அவர் தமிழில் பாடினார், சற்று உரக்கவே. முன்வரிசைப் பெண்மணி ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பைப் ஆர்கன் முழங்கியபோது பிரம்பு பின்னிய இருக்கையில் அதிர்வு தெரிந்தது. எனக்கோ பிரசங்கத்தில் மனம் நிற்கவில்லை. கன்மலையின்மேல் வீடு கட்டின புத்தியுள்ள மனுஷனின் உவமையே ஓடிக்கொண்டிருந்தது. கன்மலை கிடைக்காத இடத்தில் என்ன செய்வது என்பதற்கு இங்கே யாரோ பதில் கண்டிருக்கிறார்கள்.

வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டுத் திரும்பினேன். அப்பா செருப்பைக் கையில் பிடித்தபடி, சுவரோரமாகக் குதிகாலால் தரையைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.